கத்தி வைப்பதற்கு முன்: பழைய ஸ்பீக்கருக்குக் கோன் கட்டும் வேலை

கடலூரிலோ புதுச்சேரியிலோ பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியை இறக்கி முகப்புத் துணியைக் கழற்றினால், பல நேரம் ஒலி எழுப்ப ஆடும் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையமே இருக்காது. இருந்தாலும் விரல் பட்டதும் புட்டு மாவுபோல உதிரும், அல்லது கருப்புப் பசையாகக் கையில் ஒட்டும். 'ஸ்பீக்கர் போச்சு' என்று பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடப்படுபவற்றில் இந்த ரகமும் உண்டு. போனது அந்த வளையம் மட்டும்தான். கம்பிச் சுருளான காயில், கோன், காந்தம் மூன்றும் நன்றாகவே இருக்கக்கூடும்.

ஃபோம் வளையம் பாலியூரித்தேனால் ஆனது. அதன் மூலக்கூறுச் சங்கிலியைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அறுக்கும். வெளிச்சமும் ஆக்சிஜனும் கூடச் சேர்ந்துகொள்ளும். பாட்டே போடாமல் மூடி வைத்திருந்தாலும் இது நடக்கும். பொதுவாக 10 முதல் 20 ஆண்டு தாங்கும் என்பார்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் அந்தக் கணக்கின் முன்பாதியை நம்புவதே நல்லது. உப்புக்காற்று இன்னும் இரண்டு இடத்தில் கைவைக்கும். டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் மெல்லிய வயர் பச்சை பூத்துப்போகும். காயில் அசையும் காந்த இடுக்கின் இரும்புச் சுவரில் துரு ஏறும். துருவுக்கு இரும்பைவிடப் பருமன் அதிகம். காயிலுக்குப் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் மட்டுமே இடம் விட்டிருக்கும் இடுக்கில் துரு படை கட்டினால் காயில் அதில் உரசத்தான் செய்யும்.

ஆகவே இந்த வேலையில் முதல் கேள்வி 'எப்படி ஒட்டுவது' என்பதாக இருக்கக்கூடாது. 'கெட்டது எது' என்பதுதான் முதல் கேள்வி. முழுக்கோன் மாற்றுவது கடைசி வேலை. கத்தி வைத்து அறுத்த பிறகு பழைய அளவு எதுவும் திரும்பி வராது.

எது பழசாகும், எது பழசாகாது

இன்று நாம் பார்க்கும் கோன் ஸ்பீக்கரின் அடிப்படை 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் வெளியிட்ட அமைப்புதான். வட்டமான காந்த இடுக்குக்குள் ஒரு கம்பிச் சுருள். அதுதான் காயில். காயிலின் கழுத்தில் காகிதக் கோன். கழுத்தை நடுவில் நிறுத்துவது மடிப்பு மடிப்பாகப் பிசின் ஏற்றிய துணி வட்டு. அதற்கு ஸ்பைடர் என்று பெயர். கோனின் வெளி ஓரத்தைச் சட்டத்தோடு இணைப்பது சரவுண்ட். அது ஃபோம், ரப்பர், துணி, அல்லது கோனின் காகிதத்திலேயே வரும் நெளிவாக இருக்கலாம். நடுவில் தூசி மூடி. நூற்றாண்டு ஆகியும் இந்த வரிசை மாறவில்லை.

இதில் சட்டமும் காந்தமும் பெரும்பாலும் மனிதரைவிட நீண்ட நாள் இருக்கும். காகிதம், ஃபோம், பசை, வயர் ஆகியவைதான் மூப்படையும். கோன் கட்டும் தொழிலே இந்த வித்தியாசத்தில் பிழைக்கிறது. ஆனால் காந்தத்தில் இரண்டு சாதி உண்டு, அதைப் பிரித்தறியாமல் கைவைக்கக்கூடாது. கறுப்பாகத் தட்டையாக அகன்ற வட்டு இருந்தால் அது ஃபெரைட். பின்புறம் சிறிய கிண்ணம் போலவோ லாடம் போலவோ இருந்தால் பெரும்பாலும் அல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த இரும்புக் கலவை அது. 1978-இல் ஜைர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் ஷாபா பகுதியில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியது. அதற்குப் பிறகு கம்பெனிகள் வேகமாக ஃபெரைட்டுக்கு மாறின. அல்னிகோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கழற்றிப் பிரித்தாலே அதன் பலம் கணிசமாக இறங்கிவிடும், திரும்பக் காந்தம் ஏற்ற இயந்திரம் வேண்டும். ஃபெரைட் அப்படி இறங்காது. ஆனால் கழற்றினால் காயிலுக்குள் நிற்கும் இரும்பு நடு உருளையை மறுபடி மையத்தில் நிறுத்துவது வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. இரண்டிலுமே காந்தத்தைத் தொடாமல் விடுவதுதான் விதி.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டில் பழைய ஸ்பீக்கர் கண்ணில் பட்டால் கோன் கிழிந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காந்தம் தட்டிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா, சட்டம் நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த ஃபெரைட் ஸ்பீக்கரில் காந்தம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே இடுக்கு ஒரு பக்கம் அடைபட்டிருக்கும். அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மீட்டரும் இரண்டு கட்டைவிரலும்

மல்ட்டிமீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, முதலில் அதன் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.6, 16 ஓம் என்றால் 11 முதல் 13. முதுகில் அச்சிட்டிருக்கும் எண் ஒலி மின்னோட்டத்துக்கான மறிப்பு, மீட்டர் காட்டுவது வெறும் கம்பியின் தடை. இரண்டும் ஒன்றாக இருக்காது. 8 ஓம் ஸ்பீக்கர் 3 ஓம் காட்டினால் காயிலின் எனாமல் கருகிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று அர்த்தம். மைக் செட் பாக்ஸ்களிலும் பள்ளிக்கூட வராந்தா ஸ்பீக்கர்களிலும் உள்ளே லைன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதைக் கழற்றாமல் அளந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் தடையைத்தான் அளக்கிறீர்கள்.

மீட்டர் எதுவுமே காட்டவில்லையா? அவசரப்பட்டுக் 'காயில் போயிடுச்சு' என்று சொல்லிவிடக்கூடாது. கோனின் முகத்தில் இரண்டு சிறு பொட்டுகள் தெரியும், கருப்புப் பசை தடவியிருக்கும். அந்தப் பசையை ஊசி முனையால் சுரண்டி, செம்பு தெரிந்ததும் அங்கே மீட்டர் முனையை வைத்துப் பாருங்கள். அங்கே 6 ஓம் வந்தால் காயில் நலம். டெர்மினலுக்கும் அந்தப் பொட்டுக்கும் நடுவில் தொங்கும் டின்சல் வயர்தான் அறுந்திருக்கிறது. கோனை அழுத்தினால் பாட்டு வருவதும் விட்டால் நிற்பதும் அதே நோய்தான். அரை மணி நேர வேலை.

டின்சல் என்பது பருத்தி அல்லது நைலான் நூலின் மேல் மெல்லிய செம்பு நாடாவைச் சுற்றி முறுக்கியது. அதனால்தான் கோடிக்கணக்கான முறை மடங்கினாலும் தாங்குகிறது. அதற்குப் பதிலாகச் சாதாரண வயரைப் போட்டால் பாட்டு வரும், ஆனால் சில நாளில் ஒரே இடத்தில் ஒடியும். அதோடு கோனில் அடித்துக்கொண்டு சடசடக்கும். 25 வாட் சோல்டரிங் அயர்ன் போதும். ஈயம் நூலுக்குள் ஊறி ஏறாதபடி, பற்ற வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈயம் ஏறிய நீளம் முழுதும் விறைத்துப்போகும், அந்த விறைப்பு முடியும் இடத்தில்தான் மறுபடி அறும். நீளம் சரியா என்று பார்க்க, கோனைக் கையால் முழுதாக உள்ளே தள்ளியும் முழுதாக வெளியே இழுத்தும் பாருங்கள். எந்த நிலையிலும் இழுபடக்கூடாது, கோனையோ ஸ்பைடரையோ தொடவும் கூடாது.

அடுத்தது உரசல். இரண்டு கட்டைவிரலையும் தூசி மூடிக்கு இரு பக்கமும் சம தூரத்தில் வைத்து மெதுவாக அழுத்தி விடவும், காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும். சத்தமே இல்லாமல் போய் வந்தால் நல்லது. ஒரே இடத்தில் 'கர்ர்' என்றால் காயில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. போகும் வழி முழுக்க மணல் அரைப்பது போலக் கேட்டால் இடுக்கில் இரும்புத் தூளோ துருவோ இருக்கிறது. பெட்டியில் பல ஆண்டு ஒரே நிலையில் நின்ற பெரிய ஊஃபரில் (பாஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) கோனின் எடையால் ஸ்பைடர் கீழ்ப்பக்கம் தொய்ந்திருக்கலாம். அப்படியானால் அறுவைச் சிகிச்சை எதற்கு? நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிப் பாருங்கள், உரசல் தானே போய்விடக்கூடும். ஸ்க்ரூவைக் கழற்றிய உடனே உரசல் நின்றால், வளைந்த பலகையில் இறுக்கி முறுக்கிச் சட்டத்தை நெளித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காகிதக் கோனில் சிறு கிழிசல் என்றால் டிஷ்யூ பேப்பரை ஒற்றை அடுக்காகப் பிரித்து, ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, பின்புறம் ஒரு துண்டு, முன்புறம் ஒரு துண்டு. அவ்வளவுதான். ரப்பர் பசையை அப்பினால் அந்த இடம் மட்டும் கனத்துப் போகும்.

வெள்ளத்தில் நனைந்தது வேறு கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தரைத்தளத்தில் இருந்த பாக்ஸ்கள் பல வீடுகளில் மூழ்கின. 2011 டிசம்பர் 30 தானே புயலையும் இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. நனைந்த ஸ்பீக்கரில் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கவே கூடாது. சேறு இருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நாள் உலர விட வேண்டும். வெயிலில் வைத்தால் காகிதம் முறுக்கிக்கொள்ளும். வெள்ளைப் பசையால் ஒட்டிய மூட்டுகள் ஊறி விட்டிருக்கும், இடுக்கில் துரு ஒரு வாரத்துக்குள் தொடங்கிவிடும். இந்த வகையில் பெரும்பாலும் முழுக்கோன்தான் வழி.

ஃபோம் மட்டும் மாற்றுவது

'8 இஞ்ச் ஃபோம்' என்று கேட்டு வாங்கினால் பொருந்தாத ஒன்று வரத்தான் வாய்ப்பு அதிகம். நான்கு அளவு வேண்டும்: கோனின் வெளி விட்டம், ஃபோமின் புடைத்த வளைவான உருளை தொடங்கும் விட்டம், உருளை முடியும் விட்டம், சட்டத்தில் ஒட்டும் ஓரத்தின் வெளி விட்டம். பழைய ஃபோம் கோனின் முன்புறம் ஒட்டியிருந்ததா பின்புறமா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பசையைச் சட்டத்திலிருந்து தின்னர் தொட்ட துணியால் எடுக்கலாம். காகிதக் கோனில் தின்னர் வேண்டாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிண்டி எடுப்பது பத்திரம். இதில் அவசரப்படுகிறவர்கள் கோனின் ஓரத்தைக் கிழிக்கிறார்கள். சுத்தமாக எடுக்காமல் விட்டால் புதிய ஃபோம் பழைய பிசுபிசுப்பின் மேல் உட்கார்ந்து ஆறு மாதத்தில் உரிந்து வரும்.

முதலில் ஃபோமைக் கோனோடு மட்டும் வெள்ளைப் பசையால் ஒட்டி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சட்டத்தின் ஓரத்தில் பசை தடவி ஃபோமைப் படுக்க வைத்து, பசை காய்வதற்குள் மையம் பார்க்க வேண்டும். ஃபோனில் ஒலி அதிர்வெண் தரும் ஆப் ஒன்றைப் போட்டு, ஆம்ப்ளிஃபையர் வழியாக 25 அல்லது 30 ஹெர்ட்ஸ் மிகக் குறைந்த வால்யூமில் கொடுங்கள். கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடும், சத்தம் ஏறக்குறைய இருக்காது. உரசினால் தெளிவாகக் கேட்கும்; உரசும் பக்கத்துக்கு எதிராக ஃபோமை இம்மி நகர்த்தினால் போதும். உரசல் நின்றதும் ஓரம் முழுக்கத் துணி கிளிப்பைப் போட்டு விடலாம். இந்த முறையில் தூசி மூடியை அறுக்கத் தேவையில்லை. வெள்ளைப் பசையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அது நகர்த்த நேரம் தரும் என்பதுதான். ரப்பர் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளைப் பசை காய இரண்டு நாள்கூட எடுக்கும். அந்த மாதங்களில் ஒரு நாளைக் கூடச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முழுக்கோன்: முதலில் அளவு

காயில் கருகியிருந்தாலோ கோன் எலி கடித்துச் சல்லடையாகி இருந்தாலோதான் இந்த வேலை. பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் அங்கே கேட்பவர் சொல்லும் அளவை வைத்துத்தான் கொடுப்பார்கள். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அறுப்பதற்கு முன்பே சிலவற்றை அளந்துவிட வேண்டும். சட்டத்தின் விளிம்பிலிருந்து கோன் கழுத்து எவ்வளவு ஆழம், ஸ்பைடர் உட்காரும் மேடையின் விட்டம், ஸ்பைடரின் வெளி விட்டமும் உள் விட்டமும், அது தட்டையா கிண்ண வடிவா, எந்த டெர்மினல் சிவப்பு. 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, சிவப்பில் நேர்முனை இருக்கும்போது கோன் வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்றும் எழுதி வையுங்கள். பெரும்பாலும் வெளியே வரும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் உள்ளே போகும். ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றும்போது இதைத் தவறவிட்டால் இரண்டும் சேர்ந்து பாடும்போது பாஸ் காணாமல் போகும். காயில் முழுதாக அறுந்திருந்தால் இந்தச் சோதனைக்கு ஜோடியின் மற்றதைப் பயன்படுத்தலாம்.

பிறகு சரவுண்டை ஓரத்திலும் ஸ்பைடரை மேடைக்கு அருகிலும் அறுத்து, மொத்தத்தையும் ஒரே துண்டாக வெளியே எடுங்கள். எடுத்த கணமே இடுக்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். பசை சுரண்டும் தூளும் மேசையில் கிடக்கும் இரும்புத் துகளும் அதற்குள் பாய்ந்துவிடும். போனால் வெளியே எடுப்பது பெரும்பாடு. மூடாமல் உப்புத்தாள் போடுவதும் இரும்பு பிரஷ் போடுவதும் இந்த வேலையின் மிக மோசமான தவறுகள்.

வெளியே வந்த காயிலில் எழுத வேண்டியவை: உள் விட்டம், சுற்றோடு சேர்ந்த வெளி விட்டம், கம்பி சுற்றிய பகுதியின் உயரம், அதற்கு மேலே கழுத்துவரை வெறும் குழாயின் உயரம், எத்தனை அடுக்கு, மீட்டர் காட்டிய ஓம். கோன், ஸ்பைடர், காயில் எல்லாவற்றையும் சேர்த்துச் சிறிய நகைத் தராசில் எடை போட்டு வையுங்கள். 8 அங்குல ஊஃபரில் அசையும் பாகம் மொத்தமே 20 முதல் 35 கிராமுக்குள் வரும். இந்த எண் பின்னால் உதவும். பழைய பாகங்களை வேலை முடியும்வரை குப்பையில் போட வேண்டாம்.

இடுக்கைச் சுத்தம் செய்ய ஒரு கெட்டி அட்டைத் துண்டின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே தெரியும்படி சுற்றி, உள்ளே விட்டு வட்டமாக ஒற்றி எடுங்கள். டேப் சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஊதினால் இரும்புத் தூள் வெளியே வராது, காந்தம் விடாது.

நடுவில் நிறுத்துவது

சைக்கிள் சக்கரத்தைக் கோட்டம் எடுப்பது போன்ற பொறுமை இங்கே வேண்டும். நடு உருளைக்கும் காயிலின் உள் சுவருக்கும் இடையே மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் சொருகிக் காயிலை அசையாமல் நிறுத்துகிறோம். இதற்கு ஷிம் என்று பெயர். எக்ஸ்ரே ஃபிலிம் சுமார் 0.18 மில்லிமீட்டர் தடிமன், ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) சுமார் 0.1. உருளை 25 மில்லிமீட்டர், காயிலின் உள் விட்டம் 25.5 என்றால் ஒரு பக்கத்துக்கு 0.25 இடம். ஓஎச்பி ஷீட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 0.2, இறுக்கமாகவும் இல்லாமல் தளர்வாகவும் இல்லாமல் நிற்கும். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு துண்டு, சம இடைவெளியில். வெளியே இழுக்கும்போது பிடி கிடைக்கும்படி நீளமாக விடுங்கள். காயிலைக் கையால் தள்ளி நுழைக்கும் அளவுக்கு இறுக்கினால் காகிதக் குழாய் உப்பிப்போய், ஷிம்மை எடுத்த பின் வெளிப்பக்கம் உரசும்.

அடுத்து உயரம். இடுக்கின் வெளிச் சுவரான மேல் இரும்புத் தட்டு 8 மில்லிமீட்டர் தடிமன், கம்பி சுற்றிய உயரம் 14 என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்கு மேலே 3, கீழே 3 என்று சமமாக வர வேண்டும். மேலே 5, கீழே 1 என்று வைத்துவிட்டால் மெதுவாகப் பாடும்போது ஒன்றும் தெரியாது. வால்யூம் ஏற்றியதும் ஒரு பக்க அசைவில் காயில் காந்தப்புலத்தைவிட்டு வெளியேறி ஒலி கரகரக்கும். ஆழமாக இறக்கிவிட்டால் பின் தட்டில் மோதி 'டக் டக்' என்று கேட்கும். ஸ்பைடரைப் பசையில்லாமல் வைத்துப் பார்த்து, அந்த உயரத்தில் அது இயல்பாகத் தட்டையாக நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மேலே இழுத்துக்கொண்டோ கீழே தொங்கிக்கொண்டோ இருந்தால் ஸ்பைடர் பொருந்தவில்லை. ஷிம்மை எடுத்ததும் காயிலைத் தன் இடத்துக்கு இழுத்துவிடும். பசை தொடுவதற்கு முன் கோன், சரவுண்ட் எல்லாவற்றையும் ஒரு முறை இப்படிக் கூட்டிப் பார்ப்பதைக் கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

முதல் நாள் ஸ்பைடரும் காயிலும் மட்டும். ஸ்பைடரை மேடையில் ரப்பர் பசையால் ஒட்டலாம், அடுத்த முறை யாராவது கழற்ற வேண்டி வந்தால் தின்னரில் வரும். காயில் கழுத்தும் ஸ்பைடரும் சேரும் இடத்துக்கு அரால்டைட், அதுவும் மெதுவாக இறுகும் ரகம். பிசினும் இறுக்கியும் சம அளவு. ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் ஆசைகாட்டும். சூட்டில் இளகிவிடும் என்பதால் வேண்டாம். ஃபெவிக்விக் ஒரு புள்ளி வைத்துத் தற்காலிகமாக நிறுத்த மட்டும் சரி, அது காய்ந்தபின் கண்ணாடிபோல உடையும்.

சூடு என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும்? சாதாரண ஊஃபர் தனக்கு வரும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே ஒலியாக்கும், மீதி அத்தனையும் காயிலில் வெப்பம். செம்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். மாசி மகத்திலோ ஆடித் தேரிலோ விடிய விடிய ஓடும் பாக்ஸில் காயில் 180 டிகிரி கூடினால் 6 ஓம் 10 ஓமைத் தாண்டும், மின்னோட்டம் 40 சதவீதம் சரியும், சத்தம் 4 டெசிபலுக்கு மேல் இறங்கும். சத்தம் குறைந்ததே என்று ஆப்பரேட்டர் வால்யூமை இன்னும் ஏற்றுவார். அங்கேதான் காகிதக் குழாய் கருகுகிறது. திருவிழாவுக்கு ஓடும் ஸ்பீக்கருக்குக் காப்டன் (சூடு தாங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம்) அல்லது அலுமினியக் குழாய் காயிலைக் கேட்டு வாங்குவதும் இதற்காகத்தான். வீட்டு ரேடியோ ஸ்பீக்கருக்குக் காகிதமே போதும்.

இரண்டாம் நாள் கோன். கழுத்தில் அரால்டைட் வளையம், ஓரத்தில் வெள்ளைப் பசையோ ரப்பர் பசையோ. பசையை அள்ளி வைக்கும் கை நம்மில் பலருக்கு. இங்கே அது நேரே ஒலியில் தெரியும். 25 கிராம் அசையும் பாகத்தில் 3 கிராம் பசை கூடினால் ஸ்பீக்கரின் இயல்பு அதிர்வெண் (கோன் தானாகவே அதிகம் ஆட விரும்பும் அதிர்வெண்) சுமார் 5 சதவீதம் இறங்கும், சத்தம் 1 டெசிபல் குறையும். கழற்றியபோது எடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். டின்சல் வயரைக் கோனில் கோத்துக் காயில் முனைகளோடு பற்ற வைத்து, பொட்டுகளின் மேல் ஒரு துளி கருப்புப் பசை.

24 மணி நேரம் கழித்து ஷிம்களை நேராக மேலே இழுத்து எடுங்கள். முதலில் கட்டைவிரல் சோதனை, பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றி 200 வரை. உரசல் இல்லை என்று தெளிவான பிறகுதான் தூசி மூடி. மூடியை முதலிலேயே ஒட்டிவிட்டு உரசலைக் கண்டுபிடிப்பவர்கள் அதை அறுக்க வேண்டியதுதான். பழைய மூடி காற்றுவிடும் துணியாக இருந்திருந்தால் புதியதும் அப்படியே இருக்கட்டும். காயிலுக்கு மூச்சுவிடும் வழி அதுதான்.

காயிலை வீட்டிலேயே சுற்றலாமா

கிடைக்காத அளவு என்றால் சுற்றத்தான் வேண்டும். காயிலின் உள் விட்டத்துக்குக் கடைந்த உருளை ஒன்று லேத் பட்டறையில் செய்துகொள்ளலாம். 25 மில்லிமீட்டர் காயிலுக்கு 37 கேஜ் கம்பி என்று எடுத்தால் அதன் தடிமன் 0.173 மில்லிமீட்டர், மீட்டருக்கு 0.73 ஓம். 6 ஓமுக்குச் சுமார் 8.2 மீட்டர், ஒரு சுற்றுக்கு 82 மில்லிமீட்டர் வீதம் 100 சுற்று. இரண்டு அடுக்கு, அடுக்குக்கு 50. எனாமலோடு 0.2 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால் உயரம் 10 மில்லிமீட்டர். அடுக்கு எப்போதும் இரட்டை எண்தான், 2 அல்லது 4. அப்போதுதான் தொடக்கமும் முடிவும் ஒரே பக்கம், கோன் பக்கம், வரும். அலுமினியக் குழாயில் நெடுக ஒரு பிளவு இருக்க வேண்டும், இல்லையேல் குழாயே ஒற்றைச் சுற்றுபோல மின்னோட்டம் எடுத்து அசைவைத் தடுக்கும். உழைப்பைக் கணக்கிட்டால் கடையில் கிடைக்கும் அளவுக்குச் சுற்றுவது வீண் வேலை. அபூர்வமான அளவுக்கு மட்டும்.

பாடுகிறது, ஆனால் பழைய ஒலி இல்லை

கோன் கட்டிய பிறகு அதிகம் கேட்கும் குறை இது. பெரும்பாலும் குற்றவாளி ஸ்பைடர். அசையும் பாகத்தின் விறைப்பில் பெரும் பங்கு அதனுடையது. கடையில் கிடைத்த விறைத்த ஸ்பைடரைப் போட்டால் இயல்பு அதிர்வெண் ஏறி பாஸ் மெலியும். அதை அளக்க வீட்டிலேயே வழி உண்டு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஸ்பீக்கரோடு வரிசையில் போட்டு ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட் அளவிடுங்கள். ஃபோனில் 20 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வோல்ட் உச்சம் தொட்டு இறங்கும். அதுதான் இயல்பு அதிர்வெண். ஸ்பீக்கர் பெட்டிக்கு வெளியே, எதன்மேலும் முகம் குப்புறக் கிடக்காமல் இருக்க வேண்டும். ஜோடியில் மாற்றாத ஸ்பீக்கர் 42 காட்டி, மாற்றியது 46 காட்டினால் விட்டுவிடலாம். 60 காட்டினால் ஸ்பைடரை மாற்றுங்கள், பெட்டியையோ டோன் கன்ட்ரோலையோ குறை சொல்லிப் பயனில்லை. புதிய ஸ்பைடர் சில மணி நேர ஓட்டத்தில் கொஞ்சம் இளகும் என்பதால், இரண்டு நாள் மிதமாக ஓட்டிய பிறகு அளப்பதே சரி.

பெட்டியில் மாட்டும் முன் ஒரு வேலை பாக்கி. முதல் காயிலை எரித்தது எது? அவுட்புட் டிரான்சிஸ்டர் போன ஆம்ப்ளிஃபையர் நேர் மின்சாரத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். கோன் ஒரு பக்கம் தள்ளி நின்று, சத்தமே இல்லாமல் சில நொடிகளில் கருகும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, அவுட்புட்டில் டிசி மில்லிவோல்ட் பாருங்கள். 50-க்குள் இருந்தால் இணைக்கலாம். 100-ஐத் தாண்டினால் முதலில் ஆம்ப்ளிஃபையருக்குத்தான் மருத்துவம். இணைத்த பிறகு ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, ஒரு மணி நேரம் மிதமான வால்யூமில் ஓட விட்டு, நிறுத்தி, கட்டைவிரல் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். சூட்டில் ஒரு மூட்டு இளகியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.